அச்சுப்பொறி உயிர்பெறாதபோது

தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் நிறுவிய அச்சுக்கூடத்தின் வரலாறு நம் கல்லூரி மாணவர் பலரும் கேட்டறிந்ததே. 1711ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அவர்க்கென ஓர் அச்சியந்திரத்தைக் கப்பலேற்றி, அதனை இயக்கவல்ல யோனாஸ் பிங்க் என்பாரையும் உடனனுப்பினர். கப்பல் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது. பிங்க் என்பாரோ நன்னம்பிக்கை முனையை அடுத்து நோயுற்று இறந்தார். 1712இல் யந்திரம் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. எனினும் அஃது இயங்கவில்லை, இயக்குவார் இலர். பின்னர் ஆங்கிருந்த டேனிஷ் கம்பெனியின் படைவீரருள் ஒருவர் அச்சுத்தொழில் அறிந்தவர் எனக் கண்டு, அவரைக்கொண்டு வேலையைத் தொடங்கினர். 1713இல் ஹாலே நகரினின்று தமிழெழுத்துக்கள் வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவெய்தியது.

இவ்வரலாற்றில் நாம் ஈண்டுக் கருதற்குரியது ஒன்றுண்டு. யந்திரம் வாளா கிடந்தது. ஆயினும் குறை யந்திரத்தினுள் இல்லை. அதனை ஆணி ஆணியாகக் கழற்றி நோக்கியிருப்பினும் யாதும் கண்டிரார். இன்று நம் இல்லங்களில் மேசைமேல் இருக்கும் சிறிய அச்சுப்பொறிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாத பொறியைக் கண்டவுடன், “பொறி செத்தது” என்று நாம் முடிவு கட்டிவிடுகின்றோம். பொறி பிழையற்றதாக, பிழை அதன் புறத்தே இருத்தலும் பலகாலும் நிகழ்வதே. இதனை யான் கற்றது நூலினின்றன்று. ஓர் இரவின் தவற்றினின்றே. ஆதலின் அதனை முதற்கண் கூறி, பின்னர் முறைப்படி ஆராயும் வகையை விளக்குவல்.

ஓர் இரவின் தவறு

எங்கள் சிற்றூர் கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்துள்ளது. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை இரவு, வைகறை ஆராதனைக்குரிய பாடற்றாள்கள் 80 படிகள் அச்சிடவேண்டும் என்று சபையார் எந்தையாரிடம் கூறியிருந்தனர். அவர் அப்பணியை என்னிடம் ஒப்புவித்தார். இரவு எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினேன், பயனில்லை. உடனே திருப்புளியை எடுத்துப் பொறியின் பின்மூடியைக் கழற்றத் தொடங்கினேன். மூடியைப் பற்றியிருந்த பிளாஸ்டிக் கொக்கியொன்று முறிந்தது. மின்கம்பியைச் செருகியிலிருந்து உருவவேண்டும் என்னும் நினைவும் எனக்கு எழவில்லை. ‘உயிரில்லாத பொறிதானே’ என்று எண்ணினேன்.

அப்பொழுது தோட்டத்திலிருந்து வந்த என் தாய்வழிப் பாட்டனார் இதனைக் கண்டார். அவர் பள்ளியில் நெடுநாள் பயின்றவரல்லர். நாற்பது ஆண்டுகளாகக் கிணற்று மோட்டாரோடு பழகியவர். “ஏங்கண்ணு, கரண்டு அதுக்கு வருதான்னு மொதல்ல பாத்தியா?” என்று வினவினார். “எக்ஸ்டென்ஷன் பெட்டியில சிவப்பு விளக்கு எரியுதுங்களே அப்புச்சி” என்றேன். அவர் மறுமொழி கூறாது, பக்கத்திலிருந்த மேசைவிளக்கின் செருகியை எடுத்து, பொறி செருகப்பட்டிருந்த அதே துளையிற் செருகினார். மேசைவிளக்கு எரியவில்லை. பின்னர்ச் செருகியைச் சற்றே அசைத்தார்; விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது.

பெட்டியின் துளையினுள் இருந்த பித்தளைத் தகடு நாட்பட்டுத் தளர்ந்து கரிந்துபோயிருந்தது; அதுவே காரணம். பொறியைச் சுவரிலுள்ள துளையில் நேரே செருகியவுடன் அஃது உயிர்பெற்றது. பாடற்றாள்கள் நள்ளிரவிற்குள் முடிந்தன. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அசைத்தமாத்திரத்தில் மின்சாரம் பாய்ந்த அத்துளையில் கம்பியை விட்டுவைத்தே யான் பொறியைத் திறக்க முற்பட்டேன். மூடி கழன்று என் விரல் உள்ளே இருந்தபொழுது அச்செருகி தற்செயலாய் அசைந்திருப்பின், மறுநாட் காலையில் எங்கள் வீட்டில் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணவும் அஞ்சுகின்றேன்.

பழுது சேருமிடத்தே

தமிழ் பயில்வார்க்கு ஓர் உவமை கூறலாம். ஒரு சொல் தனித்து நிற்குங்கால் திரிபின்றி நிற்கும். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தேதான் தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழும். மின்வழியும் அத்தன்மைத்தே. நீண்டு கிடக்கும் கம்பி இடையில் எளிதிற் கெடுவதில்லை. ஒன்றோடொன்று சேருமிடங்களே தளர்வும் கரிவும் எய்துகின்றன. ஆகலின் பொறிக்கு மின்சாரம் வரும் வழியிலுள்ள சேர்க்கைகளை வரிசைப்படுத்தி அறிதல் முதற்கண் வேண்டப்படுவது.

மீட்டர்ப் பெட்டியினின்று எம்.சி.பி. அல்லது பியூஸ் வழியாகச் சுவர்த்துளைக்கு வருதல் முதற்சேர்க்கை. சுவர்த்துளையும் செருகியும் சேர்தல் இரண்டாவது. எக்ஸ்டென்ஷன் பெட்டி இடையிலிருப்பின் அதன் துளையும் விசையும் மூன்றாவது. கம்பியின் மறுமுனை பொறியின் பின்புறத்துக் குழியிற் சேர்தல் நான்காவது. பொறியினுள்ளே, வீட்டு மின்சாரத்தைச் சிறு அளவாக மாற்றித் தரும் பகுதி ஐந்தாவது. கடைக்காரர் இதனைப் பவர் சப்ளை என்பர். அதனின்று தாய்ப்பலகைக்கும் பொத்தானுக்கும் செல்லும் வழி ஆறாவது. இவ்வாறனுள் முதல் நான்கும் பொறியின் புறத்தே உள்ளன; அவற்றைக் கருவியொன்றுமின்றி நாமே ஆராயலாம். இறுதி இரண்டே அகத்தே உள்ளன. யான் செய்த பிழை, நான்கையும் விடுத்து ஐந்தாவதினின்று தொடங்கியதே.

கொங்கு நாட்டு உழவர் இம்முறையை நன்கறிவர். 1932இல் பைக்காராவில் மின்னுற்பத்தி தொடங்கிய பின்னர், கோவையின் ஆலைகளோடு கிணற்றுப் பம்புகளும் மின்சாரத்தால் இயங்கலாயின. அன்று தொட்டு மோட்டார் அறை இந்நாட்டுத் தோட்டங்களின் ஓர் உறுப்பாயிற்று. மோட்டார் ஓடாதவழி எவரும் உடனே கிணற்றில் இறங்குவதில்லை. முதலில் மோட்டார் அறையில் மூன்று பேஸ்களையும் காட்டும் மூன்று விளக்குகளும் எரிகின்றனவா என்று நோக்குவர், பின்னர்ப் பியூஸ் கட்டை, பின்னர் ஸ்டார்ட்டர், இவையெல்லாம் செவ்வனே இருப்பினன்றி மோட்டாரைத் தொடார். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம் மருத்துவனுக்கு வகுக்கும் நெறியும், நோயின் காரணத்தை அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்பதன்றோ?

மூவகை நிலை

‘பொறி இயங்கவில்லை’ என்னும் ஒரு சொற்றொடருள் வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாதார் வீணே அலைவர்.

முதனிலை, விளக்கும் ஒலியும் சிறிதுமின்மை. இது பெரும்பாலும் மின்சாரம் வந்து சேராமையையோ பவர் சப்ளை கெட்டமையையோ காட்டும். இரண்டாம் நிலை, விளக்கு ஒருகணம் மின்னி அணைதல், அல்லது பொறி சற்றே முனகி நின்றுவிடுதல். மின்சாரம் வருகின்றது, ஆயின் போதிய அளவு வரவில்லை, அல்லது உள்ளேயுள்ள ஓர் உறுப்பின் கேட்டினால் பொறி தன்னைத்தானே காத்துக்கொள்ள அணைகின்றது. மூன்றாம் நிலை, விளக்கு எரிந்தும் அச்சிடாமை. இதற்கு மின்சாரம் காரணமன்று. தாள், மை, கணினித் தொடர்பு ஆகியவற்றை ஆராய்க. இக்கட்டுரை முன்னிரு நிலைகளையே கருதுவது.

இன்னுமொன்று. இக்காலத்துப் பொறிகள் பல, சில மணிநேரம் வேலையின்றி இருப்பின் தாமே அணைந்துவிடுமாறு அமைக்கப்பட்டுள்ளன. அவற்றின் திரை இருண்டிருத்தல் உறக்கமேயன்றி இறப்பன்று. பொத்தானைத் தொட்டு விடாமல், மூன்று நான்கு வினாடி அழுத்திப் பார்த்தல் நன்று.

ஆராயும் முறை

முதலாவதாக, அறையிலுள்ள பிற விளக்குகளும் மின்விசிறியும் இயங்குகின்றனவா என நோக்குக. அவையும் நின்றிருப்பின் மீட்டர்ப் பெட்டியிலுள்ள எம்.சி.பி. கீழே விழுந்திருக்கும், அல்லது ஊரிலேயே மின்சாரம் இராது. பொறியைச் செருகுந்தோறும் எம்.சி.பி. விழுமாயின், அது பொறியினுள்ளோ கம்பியிலோ உள்ள பெருங்கேட்டின் அறிகுறி. அந்நிலையில் மீண்டும் மீண்டும் முயலாது அங்கேயே நிறுத்துக.

இரண்டாவதாக, எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஸ்டெபிலைசர், யூ.பி.எஸ். ஆகியவற்றை நீக்கி, பொறியைச் சுவர்த்துளையில் நேரே செருகுக. பெட்டியின் சிவப்பு விளக்கை நம்பற்க. அது பெட்டிக்கு மின்சாரம் வந்ததையே காட்டும். துளையினின்று செருகிக்குச் சென்றதைக் காட்டாது. யான் ஏமாந்தது இவ்விடத்தேதான்.

மூன்றாவதாக, அச்சுவர்த்துளையையும் ஒரு மேசைவிளக்கைச் செருகிச் சோதிக்க. டெஸ்டர் எனப்படும் சோதனைத் திருப்புளியைக் காட்டிலும் இது சிறந்தது. என்னை? டெஸ்டர் பேஸ் வருவதை மட்டுமே காட்டும். நியூட்ரல் கம்பி அறுந்திருப்பினும் அதனுள்ளிருக்கும் சிறு விளக்கு எரியும். மேசைவிளக்கோ இரண்டும் செவ்வனே இருந்தாலன்றி எரியாது. பல வீடுகளில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் ஆகிய இருவகைச் செருகிக்கும் பொதுவான துளைகள் உள்ளன. பருத்த செருகியைப் பலகாலும் செருகிய துளை விரிந்து, பின்னர் மெல்லிய முனைகளைப் பற்றாது விடுதலுண்டு. இரண்டே முனையுடைய செருகிகள் இத்துளைகளில் எளிதில் ஆடும். செருகி ஆடுமாயினும், அவ்விடத்தில் சூடோ கரிநாற்றமோ உண்டாயினும் அத்துளையைப் பயன்படுத்தலாகாது. மின்பணியாளரைக்கொண்டு மாற்றுவித்தல் வேண்டும்.

நான்காவதாக, பொறியின் பின்புறத்தே சேரும் கம்பிமுனையை நோக்குக. மைத்துளி வகைப் பொறிகளிற் பெரும்பாலனவற்றில் இம்முனை 8 என்னும் எண்ணின் வடிவினது. லேசர்ப் பொறிகளில் மூன்று குழிகளையுடையது. மேசையை நகர்த்தும்போதும் தாளைச் செருகும்போதும் இது சற்றே வெளிவந்துவிடுதல் மிகவும் இயல்பு. பார்வைக்குச் சேர்ந்திருப்பதுபோலத் தோன்றும், சேர்ந்திராது. சுவர் விசையை அணைத்த பின்னர் இதனை முற்றும் உருவி, மீண்டும் இறுகச் செருகுக. எட்டுவடிவக் கம்பி வானொலிப்பெட்டி முதலிய பிற கருவிகளிலும் உண்டாகலின், நல்ல நிலையிலுள்ள ஒன்றை இரவல் பெற்றுச் சோதிக்கலாம்.

ஐந்தாவதாக, பொறியை ஒருமுறை வெறுமையாக்குக. கம்பியைச் சுவரினின்று உருவிவிட்டு, பொறியின் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்திருந்து, பின்னர் சில நிமிடம் கழித்துச் செருகுக. தாய்ப்பலகையில் எஞ்சிநின்ற மின்சாரம் இதனால் தீர, அதிலுள்ள சிறு கணினி புதிதாகத் தொடங்கும். மின்சாரம் அடிக்கடி வந்து போய மாலைகளில் திகைத்து நின்ற பொறி இம்முறையால் எழுதல் உண்டு.

ஆறாவதாக, விளக்கு மின்னி அணையும் பொறியாயின், கணினியோடு இணைக்கும் கம்பியையும் நீக்கிப் பார்க்க. உள்ளே சிக்கிய தாள் இருப்பின் நீக்குக. மைப்பேழையைக் கழற்றக்கூடிய சில வகைகளில் மைப்பேழையிலுள்ள மின்பழுதே பொறியை எழவொட்டாது தடுக்கும். அதனைக் கழற்றிய பின்னர் விளக்கு எரியுமாயின் குற்றம் பேழையினது என்று தெளியலாம்.

இவ்வாறு செய்யுங்கால் ஒருபோதில் ஒன்றையே மாற்றுக. துளையையும் கம்பியையும் பேழையையும் ஒருங்கே மாற்றியபின் பொறி எழுமாயின், எதனால் எழுந்தது என்பது விளங்காது. பழுதான கம்பி மறுபடியும் நம் வீட்டிலேயே தங்கிவிடும்.

இடியும் யூ.பி.எஸ்.ஸும்

கொங்கு நாட்டில் சித்திரை வைகாசித் திங்கள்களிற் பெய்யும் கோடைமழை இடியோடு வருவது. மின்னல் தொலைவில் விழினும் மின்கம்பியில் ஒருகணம் மிகப் பெரிய மின்னழுத்தம் ஓடிவரும். பவர் சப்ளையினுள் இதனைத் தாங்கித் தான் அழியும் உறுப்பும் பியூசும் பெரும்பாலும் அமைந்துள்ளன. இடிமழைக்கு மறுநாள் பொறி அறவே உயிர்பெறாதாயின் காரணம் இதுவாகலாம். மின்னல் தொடங்குமுன்னரே செருகியை உருவிவிடுதலே காப்பு; விசையை மட்டும் அணைத்தல் போதாது. மின்னத் தொடங்கிய பின்னர்ச் செருகியைத் தொடுதல் தகாது.

யூ.பி.எஸ். பற்றியும் ஒரு சொல். மைத்துளிப் பொறிக்கு அச்சிடுங்கால் சில பத்து வாட் மின்சாரமே வேண்டும். லேசர்ப் பொறியோ மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கச் சூடேறிய உருளை ஒன்றை உடையது. அது சூடேறுங்கால் பல நூறு வாட் இழுக்கும். கணினிக்கென வாங்கிய சிறு யூ.பி.எஸ். இச்சுமையைத் தாங்காது. பொறி விழித்தவுடன் யூ.பி.எஸ். கூவி அணைதலும், பொறி இருளுதலும் இதனாலேயே. லேசர்ப் பொறியைச் சுவர்த்துளையிலேயே செருகவேண்டும்.

நிற்கவேண்டிய எல்லை

மேற்கூறிய ஆறும் செய்தபின் பொறி எழாதாயின், குறை அகத்தே உள்ளது என்று துணியலாம். நாம் நிற்கவேண்டிய எல்லை இதுவே.

“ஜி. டி. நாயுடு அவர்கள் பொறிகளைப் பிரித்துப் பார்த்தன்றோ மேதையானார்?” என்று கோவை இளைஞர் வினவுவர். 1893இல் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கலங்கலிற் பிறந்த அப்பெரியார், உணவுவிடுதியிற் பணிபுரிந்து சேர்த்த பொருளால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்து மீண்டும் பூட்டிக் கற்றார் என்பது இந்நாட்டில் வழங்கும் வரலாறு. அவ்வூக்கம் போற்றத்தக்கதே. ஆயின் நின்றிருக்கும் மோட்டார் சைக்கிளின் உறுப்புக்கள் தொடுவாரைக் கொல்வன அல்ல. பவர் சப்ளை அத்தகையதன்று. நம் வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் அதனுள் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ 325 வோல்ட் அளவில் ஒரு மின்தேக்கியில் நிரம்பியிருக்கும். செருகியை உருவிய பின்னரும் அம்மின்தேக்கி மின்சாரத்தைத் தன்னுள் வைத்திருத்தல் கூடும். பொத்தானை அழுத்திப் பொறியை வெறுமையாக்குதல் இதனை வெறுமையாக்கிற்று என்று நம்புதல் தகாது. ஆகவே கருவியும் பயிற்சியும் இல்லாதார் அப்பகுதியைத் திறத்தல் அறிவுடைமையன்று.

பழுதுபார்ப்பவரிடம் செல்லும்பொழுது, “ஓடவில்லை” என்று மட்டும் கூறாது, “சுவர்த்துளையில் நேரே செருகினேன்; வேறு கம்பியால் சோதித்தேன்; விளக்கு சிறிதும் எரியவில்லை; முன்னாள் இரவு இடி இடித்தது” என்று கூறுக. இத்தகைய சொற்கள் அவர் வேலையைக் குறைக்கும். நம் பணத்தையும் காக்கும். பொறி வாங்கிய ஓராண்டிற்குள் ஆயின் உத்தரவாதச் சீட்டை முதலில் நோக்குக. நாமே திறந்த பொறிக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். மைத்துளிப் பொறிகள் சிலவற்றில் பவர் சப்ளை தனிப் பெட்டியாகப் பின்புறத்தே செருகப்பட்டிருக்கும். அது மட்டும் கெட்டிருப்பின் மாற்றுதல் எளிது. தாய்ப்பலகை கெட்டதாயின், செலவைப் புதுப்பொறியின் விலையோடு ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும். தீரக் கெட்டதைக் குப்பையில் எறிதல் தவறு. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளில் அச்சுப்பொறியும் மைப்பேழையும் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேரவேண்டும்.

வருமுன் காத்தல்

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்தவுடன் சுவர் விசையைத் தட்டி அணைத்துவிடுதல். விளக்கிற்கு இது தகும்; மைத்துளிப் பொறிக்குத் தகாது. அதன் பொத்தானை அழுத்தினால், மைத்தலை தன் இருப்பிடத்திற்குச் சென்று மூடியிட்டுக்கொண்ட பின்னரே பொறி அணையும். சுவர் விசையைத் தட்டினால் மைத்தலை நடுவழியில் திறந்தே நின்று மை உலரும். ஆகவே முதலிற் பொத்தான், விளக்கு அணைந்த பின்னர்ச் சுவர் விசை என்னும் வரிசையைக் கைக்கொள்க.

அன்றிரவு கரிந்துபோன எக்ஸ்டென்ஷன் பெட்டியை என் பாட்டனார் மறுநாளே எறியச் செய்தார். முறிந்த கொக்கிக்கு ஈடாக ஒட்டுத்தாள் ஒட்டிய அப்பொறி இன்றும் எங்கள் வீட்டில் நன்றாக அச்சிடுகின்றது. அவ்வொட்டுத்தாளை மாற்றவேண்டாம் என்று எந்தையாரிடம் கேட்டுக்கொண்டேன். திருப்புளியை நோக்கி என் கை நீளுந்தோறும், மேசைவிளக்கை முதலில் எடு என்று அஃது எனக்கு நினைவூட்டுகின்றது.